இயந்திரம் இலக்கணம் வகுக்குமா?

இயற்கை மொழிக்கு இலக்கியம் முந்தியது, இலக்கணம் பிந்தியது. மக்கள் வழக்கையும் புலவர் ஆக்கங்களையும் ஆராய்ந்த பின்னரே தமிழிலக்கண ஆசிரியர்கள் விதி வகுத்தனர். கணினியின் நிரல்மொழி இதற்கு மாறானது. அங்கே இலக்கணம் முதலில் பிறக்கிறது. அதனைக் கொண்டு எழுதப்படும் நிரல்கள் பின்னர்த் தோன்றுகின்றன. அவ்விலக்கணத்தைச் செயற்கை நுண்ணறிவு வகுத்தல் கூடுமா என்பது ஆராயத்தக்க வினாவாகும்.

கூடும் என்போர் கூற்றில் உண்மை உண்டு. சொற்களையும் தொடரமைப்பையும் விதித்து, அவற்றைக் கணினிக்குரிய கட்டளைகளாக மாற்றும் நிரலையும் இன்றைய நுண்ணறிவுக் கருவிகள் எழுதித் தருகின்றன. ஆயினும், புதிய மொழி யாவும் நல்ல மொழி ஆகிவிடுவதில்லை.

1965இல் அறிஞர் டோனி ஹோர், அல்கால் டபிள்யூ என்னும் மொழியை அமைத்தபோது, எப்பொருளையும் சுட்டாத வெற்றுச் சுட்டுக்கு அதில் இடமளித்தார். அமைத்தற்கு எளிது என்பதே காரணம். அச்சுட்டின் பின்னே பொருள் உண்டென்று கருதி இயங்கும் நிரல் இடையில் முறிந்துவிடும். 2009இல் அவரே அதனை நூறு கோடி டாலர் தவறு என்றார். அதற்குள், 1995இல் வெளிவந்த ஜாவா உள்ளிட்ட பல மொழிகளில் அது வேரூன்றிவிட்டது.

நுண்ணறிவு கற்பது முன்னோர் எழுதிய நிரல்களிலிருந்தும் நூல்களிலிருந்தும் ஆகும். பெருவழக்கே அதற்குப் பெருஞ்சான்று. பிறர் கண்டு கூறிய பிழையை அது விலக்கலாம். எவரும் இன்னும் பிழையென உணராத ஒன்றைப் பெருவழக்கிற்கு மாறாக நின்று அது விலக்குமா? ஈண்டே ஐயம் எழுகிறது.

சுவிட்சர்லாந்தின் நிக்லாஸ் விர்த் 1970இல் வெளியிட்ட பாஸ்கல் மொழியை இதனோடு ஒப்பிடுதல் தகும். மாணவர்க்கு நிரலாக்கத்தை ஒழுங்குறக் கற்பிப்பது அதன் தலையாய நோக்கங்களுள் ஒன்று. சேர்த்தவற்றினும் விடுத்தவற்றிலேயே அதன் சிறப்பு விளங்குகிறது. கற்போன் எங்கே இடறுவான் என்றறிந்த ஆசிரியர்க்கே எதை விடுப்பது என்பது புலனாகும்.

ஆகவே, இயந்திரம் இலக்கணம் எழுதித் தரும். அவ்விலக்கணம் யாருக்கு, எதற்கு என்று தேர்வதும், அதன் குறைக்குப் பொறுப்பேற்பதும் மனிதன் கடன். ஹோர் தம் தவறைத் தாமே எடுத்துரைத்தார். அத்தகைய பொறுப்புணர்வு கருவிக்கு இல்லை. எனவே, நிரல்மொழி பயிலும் மாணவர்க்கு விதியைக் கற்பிக்கும் ஆசிரியர், அவ்விதி ஏன் வந்தது என வினவும் பழக்கத்தையும் உடன் ஊட்டுதல் வேண்டும். அப்பழக்கம் உள்ளவரையில், இயந்திரம் எத்துணை மொழிகளை ஆக்கினும் அவற்றை அளந்தறியும் திறன் மாணவரிடம் நிலைத்திருக்கும்.