இராசத்துரோகமும் விலகிச் செல்கையும்: ஒரு சொல்லாய்வு

1870இல் இந்தியத் தண்டனைச் சட்டத்திற் சேர்க்கப்பட்ட 124ஏ பிரிவின் குற்றத்தை நம்மவர் 'இராசத்துரோகம்' எனப் பெயர்த்தனர். 1908இல் வ. உ. சிதம்பரம்பிள்ளை தண்டிக்கப்பட்டது அப்பிரிவின் கீழேயே. இப்பெயர்ப்பு மூலச்சொல்லை விளக்குகின்றதா, மறைக்கின்றதா என்பதே நாம் எழுப்பும் வினா.

ஆங்கிலச் சட்டத்தின் 'செடிஷன்' இலத்தீனத்துச் 'சேடிற்றியோ'வின் வழிவந்தது. 'சேட்' என்பது 'விலகி' எனப் பொருள்படும் முன்னொட்டு. உயிர் முன் வந்தமையால் அதன் ஈற்று மெய் கெடவில்லை. 'இ' செல்லுதலைக் குறிக்கும் வினையடி. எஞ்சியது தொழிற்பெயர் விகுதி. ஆக, 'விலகிச் செல்கை'. சிசரோவும் இவ்வாறே பொருள் கண்டார். கி.மு. 494இல் கடன்கொடுமை தாளாத உரோமப் பொதுமக்கள் நகரைவிட்டு வெளியேறித் தம் பிரதிநிதிகளைப் பெற்றனர் என்னும் மரபுச் செய்தி இங்கு நினைக்கத்தக்கது. சேடிற்றியோ புகழ்ச்சொல்லன்று, செல்வர்கள் கிராக்கஸ் சகோதரர்மீது எறிந்த வசையும் அதுவே. ஆயினும் அவ்வசையினுள்ளும் மக்களின் நடை கேட்கின்றது.

'இராசத்துரோகம்' என்பதோ நான்காம் வேற்றுமைத் தொகை. அரசனுக்கு இழைத்த துரோகம்! சொல்லினுள்ளே அரசன் அமர்ந்துவிட்டான். சென்றவர் எவர், ஏன் சென்றனர் என்பதற்கு அங்கே இடமில்லை. இது நீதிபதியின் இலக்கணம்.

'கலகம்' என்ற சொல்லும் குறையுடையதே. 1857இல் அந்நியராட்சிக்கெதிராக எழுந்ததும் கலகம். 1883 மார்ச் 25இல் கொட்டாஞ்சேனையிற் பௌத்தரும் கத்தோலிக்கரும் மோதிக்கொண்டதும் கலகம். ஆள்வோனுக்கு இரண்டும் அமைதிக்குலைவே. வரலாற்று மாணவனுக்கு அவ்வாறாகா. மாறாக, கிளர்ச்சி, எழுச்சி, புரட்சி என்பன கிளர், எழு, புரள் என்னும் வினையடிகளிற் பிறந்த தொழிற்பெயர்கள். அமைப்பில் இவையே சேடிற்றியோவுக்கு உறவானவை. நமது அகராதிகள் இவ்வுறவைப் பேணாது சட்டப்புத்தகத்தின் பின்னே சென்றமை தற்செயலன்று. அவை தோன்றிய காலத்தின் வர்க்க நலனோடு பிணைந்ததாகும்.

இலங்கையில் 1953இல் பங்கீட்டரிசி விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பையேற்று ஆகஸ்ட் 12இல் உழைப்போர் வேலையைவிட்டு விலகினர். கடைக்குப் பூட்டு எனப் பொருள்படும் குஜராத்திச் சொல்லான 'ஹர்த்தால்' அதற்குப் பெயராயிற்று. அன்று அமைச்சரவை கூடியது கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலொன்றில். சொற்பிறப்பின்படி பார்த்தால், நாட்டைவிட்டு விலகிச் சென்றோர் அன்று அமைச்சர்களே. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார்.