இருத்தலும் காத்திருத்தலும்

அமெரிக்கா போன தமிழனைப் பற்றி நாற்பது வருஷங்களுக்கு மேலாகக் கதைகள் வந்துகொண்டிருக்கின்றன. பனி விழுகிறது. அம்மாவின் கடிதம் வருகிறது; பிறகு அம்மாவின் தொலைபேசி, இப்போது அம்மாவின் வாட்ஸப். மகன் வராமலே அம்மா செத்துப்போகிறாள். கதாசிரியர் கண்ணைத் துடைத்துக்கொள்ள, வாசகரும் துடைத்துக்கொள்கிறார். அவன் ஏன் வரவில்லை என்பதற்கு இக்கதைகளில் இரண்டே காரணங்கள்தாம்: ஒன்று பணத்தாசை, மற்றது பெண்டாட்டி. மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அது ஒரு தேதி. அந்தத் தேதியைப் பற்றி நம் எழுத்துக்குப் பிரக்ஞையே இல்லை.

தேதியை விளக்கிவிட வேண்டும். அமெரிக்காவில் 1990ஆம் வருஷத்துச் சட்டப்படி, வேலையை முன்னிட்டு நிரந்தரமாகக் குடியேற ஆண்டுக்குச் சுமார் 1,40,000 இடங்கள். மனைவி மக்களும் இதிலேயே அடக்கம். எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. ஐஸ்லாந்துக்கும் ஏழு, இந்தியாவுக்கும் ஏழு. பிறர் எடுத்துக்கொள்ளாத மிச்சம் இருந்தால் உண்டு. முதலாளி முதல் மனுவைப் போட்ட நாள்தான் வரிசையில் இவனுடைய இடம். மாதாமாதம் அந்நாட்டு வெளியுறவுத் துறை ஒரு பட்டியல் வெளியிடும். அதில் கண்ட தேதிக்கு முந்தியவர்களே உள்ளே போகலாம். தேதி நகரும், நிற்கும், சில மாதங்களில் பின்னாலும் போகும். 2023ஆம் ஆண்டு மதிப்பீட்டில் இவ்வரிசையில் நின்ற இந்தியர்கள், குடும்பத்தோடு சேர்த்து, பத்து லட்சத்துக்கும் மேல். ஆறு வருஷம் மட்டுமே செல்லுபடியாக வேண்டிய எச்-1பி அனுமதி, வரிசையில் நிற்கிற ஒரே தகுதியால் நீண்டுகொண்டே போகிறது. ஆனால் ஊருக்கு வந்தால், திரும்பிப் போகத் தூதரகத்தின் முத்திரை வேண்டும். 2025 டிசம்பரில் நேர்காணல்களை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டார்கள். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் வந்தவர்கள் இங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அவ்வருஷம் செப்டம்பரில்தான் புதிய எச்-1பி மனுக்கள் பலவற்றின் தலையில் ஒரு லட்சம் டாலர் வைக்கப்பட்டது.

இதெல்லாம் செய்தித்தாள் விஷயமல்லவா, இலக்கியத்துக்கு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பழைய இடத்திலிருந்தே பதில் சொல்லலாம். பொருள்வயிற் பிரிவு நம் கவிதையின் ஆதாரக் கட்டமைப்புகளில் ஒன்று. அவன் போகிறான், அவள் வீட்டில் இருக்கிறாள். அவளுடைய அந்த 'இருத்தல்'தான் முல்லையின் உரிப்பொருள். அந்த இருத்தலுக்கு ஓர் உத்தரவாதம் உண்டு: கார்காலம். மழை வந்தால் தேர் வரும். கடல் தாண்டும்போது பெண்ணை உடனழைத்துப் போவதில்லை என்று தொல்காப்பியம் வேறு வரையறுத்துவிட்டது. ஆக, காத்திருப்பவள் இங்கே, காரியம் பார்ப்பவன் அங்கே.

இன்று பெண்டாட்டியும் கூடவே போகிறாள். போனவன்தான் காத்திருக்கிறான், அவனுடைய காத்திருப்பு முடிவதற்காக இங்கே அம்மா காத்திருக்கிறாள். இந்தத் தலைகீழ் மாற்றம் சாதாரணமானதல்ல. முல்லையை அப்படியே எடுத்து நியூஜெர்ஸியில் நட்டுவிட முடியாது. குறுந்தொகையில், காலமல்லாத மழையைக் கார் என்று மயங்கிக் கொன்றை பூத்துவிட்டது என்று தோழி தேற்றுகிற பாட்டு ஒன்று இருக்கிறது. 2007 ஜூலையில் அதே சம்பவம் நடந்தது. அம்மாதப் பட்டியல், வேலைவழி வரிசையில் அநேகமாக எல்லோருமே மனுப்போடலாம் என்றது. ஜனங்கள் ரத்தப் பரிசோதனைக்கும் தடுப்பூசிக்கும் ஓடினார்கள். ஜூலை 2ஆம் தேதி, இடமில்லை என்று வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். நூற்றுக்கணக்கானோர் குடியேற்ற இலாகாவின் தலைவருக்குப் பூங்கொத்துகள் அனுப்பினார்கள். காந்தி வழி எதிர்ப்பாம். இரண்டு வாரத்தில் இலாகா இறங்கி வந்து ஆகஸ்ட் 17 வரை மனுக்களை வாங்கியது. பொய்க் கார், ஏமாந்த கொன்றை, அப்புறம் நிஜமாகவே பூக்கள். ஒரு கவிஞனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் எங்கே கவிதை?

கோதோ என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது இன்னொரு சோம்பேறித்தனம். பெக்கெட்டின் இருவருக்கும் கையில் எண் கிடையாது. வருகிறவன் இருக்கிறானா என்பதே நிச்சயமில்லை. இங்கே எண் உண்டு, பட்டியல் உண்டு, போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. காஃப்காவின் வாயிற்காவலன் இன்னும் கொஞ்சம் கிட்டே வருகிறான், அவ்வளவுதான். தமிழில் வரிசையைக் கலையாக்கிய ஒரே உதாரணமாக எனக்குப் படுவது அசோகமித்திரனின் 'தண்ணீர்'. அதில் குடமும் பம்பும் தெருவும்தான் இருக்கின்றன; ஏக்கம் என்ற சொல்லை அவர் நம்மீது திணிப்பதில்லை. வரிசை மனிதர்களை என்ன செய்கிறது, யார் யாரை முந்துகிறார்கள், முந்தியவள் முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். 1973இல் வந்த நாவல். அதைப் படித்தவர்கள்தாம் இன்றைக்கும் பனியையும் வத்தக்குழம்பையும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் இதை அம்பகரத்தூரிலிருந்து எழுதுகிறேன். பத்ரகாளியம்மன் கோயிலுக்காக வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். 1954 நவம்பர் 1 வரை இது பிரெஞ்சு மண். சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல்தான். அன்றைக்கு இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் பெரும்பாலும் தாமாகவே இந்தியர்களாகிவிட்டார்கள். பிரெஞ்சுக்காரனாகவே இருக்க விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும். சம்பா நட்டு அறுவடை முடிகிற ஆறு மாதம் அது. வயலில் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு அது காதில் விழுந்திருக்கும்? எழுதிக்கொடுத்தவர்களின் பேரன்கள் பாரிஸில் இருக்கிறார்கள். 'சொல்தா'க்கள் கடைசிவரை பென்ஷன் வாங்கினார்கள். எழுதிக்கொடுக்காதவர்கள் திண்ணையில் அந்த ஆறு மாதத்தைப் பேசியே கிழவர்களானார்கள். ஒரு காகிதம் ஒரு வம்சத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பது இந்த ஊருக்குப் பாடமாகத் தெரியும்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. அமெரிக்க வரிசை குடியுரிமையைப் பார்ப்பதில்லை, பிறந்த மண்ணைப் பார்க்கிறது. காரைக்காலில் பிறந்து பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருப்பவன் இந்திய வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். அவனுடைய தம்பி பாரிஸில் பிறந்திருந்தால் பிரான்சுக் கணக்கு. வெகு சீக்கிரம் உள்ளே போய்விடலாம். மனைவி சிங்கப்பூரில் பிறந்தவளென்றால் கணவன் அவளுடைய கணக்கில் ஒட்டிக்கொள்ளலாம். தேசம், பிரஜை, மண் என்று நாம் மேடையில் உருட்டும் வார்த்தைகளெல்லாம் இந்த ஒரு விதியில் எப்படிச் சிதறிப்போகின்றன! மய்யழிக்கு முகுந்தன் 1974இலேயே ஒரு நாவல் எழுதிவிட்டார். பிரபஞ்சன் புதுச்சேரியின் பதினெட்டாம் நூற்றாண்டுக்குப் போனார். காரைக்காலின் இந்த இரட்டைக் காகிதம் அதே தீவிரத்தோடு எவர் கையிலும் சிக்கவில்லை.

அம்மையாரின் ஊர் இது என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். பரமதத்தன் கப்பலேறிப் போய்ப் பாண்டி நாட்டில் வேறொரு பெண்ணை மணந்து குடியமர்ந்தான். புனிதவதி இங்கே இருந்தாள். சேக்கிழார் அந்த இருப்பின் ஆண்டுகளைச் சட்டென்று தாண்டிவிடுகிறார்; அவருக்கு அதிசயம் முக்கியம். வீட்டைப் பெருக்கி, விளக்கேற்றி, துறைமுகத்துச் செய்தி கேட்ட அந்த வெறும் நாட்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. முடிவில் அவள் காத்திருக்கும் உடம்பையே உதறிவிட்டாள். முல்லைக்கு அவள் சொன்ன மறுப்பு அது. காத்திருப்பை எழுதப் புகும் எவனும் இந்த மறுப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் முடியாது. திரும்பி வந்துவிட்டவர்களும் இருக்கிறார்கள் அல்லவா? பன்னிரண்டு வருஷம் நின்ற இடத்தை ஒரு நாள் விட்டுவிட்டு வந்தவனின் கதையும் நம்மிடம் சரியாக இல்லை. அவனைத் தோற்றவனாகவோ தேசபக்தனாகவோதான் நமக்கு எழுதத் தெரிகிறது.

பக்கத்தில் திருநள்ளாறு. சனி பெயர்ந்தது 2025 மார்ச்சில் என்றது திருக்கணிதம். வாக்கியப்படி 2026தான் என்று கோயில் சொல்லிவிட்டது. 2015 அக்டோபரிலிருந்து அமெரிக்கப் பட்டியலிலும் இரண்டு அட்டவணைகள்: மனுப்போட ஒரு தேதி, முடிவு சொல்ல ஒரு தேதி. எங்களூர்த் தாய்மார்கள் இரண்டையும் ஒரே குரலில் விசாரிக்கிறார்கள். இதைக் கேட்டு நகரத்துக் கதாசிரியர் சிரிப்பார். அவர் சிரிப்பது மூடநம்பிக்கையை. அந்தக் குரலின் துல்லியம் அவருக்குக் கேட்பதில்லை. ஏழரை வருஷத்துக்கு ஒரு கணக்கு உண்டென்று தெரிந்தவள், கணக்கில்லாததைக் கேட்டு நிற்கும்போது பேச்சு மாறுகிறது, வினைமுற்றுகள் குறைகின்றன. 'வந்துடுவான்' என்று அவள் சொல்வதில்லை. 'பாப்போம்' என்கிறாள்.

அங்கே வளர்ந்த பையனுக்கு 21 வயது முடிந்தால் தகப்பனின் வரிசையிலிருந்து அவன் விழுந்துவிடுகிறான். வயதைக் கொஞ்சம் குறைத்துக் கணக்கிட 2002இல் ஒரு சட்டம் போட்டார்கள். எல்லோரையும் அது காப்பாற்றுவதில்லை. நான்கு வயதில் போனவன், ஆங்கிலத்திலேயே கனவு காண்கிறவன், மாணவனாக வேறொரு விசா எடுக்க வேண்டும், அல்லது அம்பகரத்தூருக்கு வர வேண்டும். அவனுக்கு இந்த ஊரில் பாட்டியைத் தவிர யாரையும் தெரியாது. அவளோடு பேச அவனிடம் இருப்பது முப்பது நாற்பது தமிழ்ச் சொற்கள். அந்தச் சொற்களுக்குள் ஒரு கதையை எழுதிப் பார்க்கட்டும் யாராவது.