முடிவு தெரிந்த கதைக்குள் ஆடுவது

ஆர்தர் மன்னன் காம்லான் போர்க்களத்தில் வீழ்வான். அவனுடைய தலைசிறந்த வீரனான லான்ஸ்லாட் அரசி குவினிவியரைக் காதலிப்பான். அந்தக் காதலால் வட்டமேசை உடையும். ‘கிங் ஆர்தர் பென்ட்ராகன்’ என்ற விளையாட்டை ஆடுவதற்காக மேசையைச் சுற்றி உட்காருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இவ்வளவும் முதல் பகடை உருளும் முன்பே தெரியும். தெரிந்தும் வாரந்தோறும் வருகிறார்கள். ஒரே தொடரை ஆண்டுக்கணக்கில் ஆடி முடித்த குழுக்களும் உண்டு.

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு, 1974-இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வழியாகப் பரவியது. ஒருவர் கேம் மாஸ்டராக இருந்து உலகத்தையும் அதிலுள்ள ஏனைய மாந்தர்களையும் நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அது என்ன செய்கிறது என்று வாயால் சொல்வார்கள்; விளைவு நிச்சயமில்லாத இடத்தில் பகடை தீர்மானிக்கும். அடுத்து என்ன நடக்கும் என்பது கேம் மாஸ்டர் உட்பட யாருக்கும் முழுதாகத் தெரியாது என்பதில்தான் இந்த வடிவத்தின் உயிர் இருக்கிறது. அப்படியிருக்க, ஏற்கெனவே எழுதி முடிக்கப்பட்ட ஒரு தொன்ம உலகத்தை இதற்குக் களமாக்குவது ஆட்டத்தின் அடித்தளத்தையே அசைப்பது போலத் தோன்றும். சில ஆட்டங்கள் இந்த முரணிடம் தோற்றன. சில அதைச் சுற்றிக்கொண்டு போயின. மிகச் சிலவே அதைத் தம் பலமாக்கிக்கொண்டன.

தொன்மக் களத்தின் முதல் வசதி கண்கூடானது. கேம் மாஸ்டர் சொந்தமாகக் கற்பனை செய்த உலகில் ஓர் அரசனின் பெயரைச் சொன்னால், அவன் யார், அவனுக்கு யார் பகை, மக்கள் ஏன் அஞ்சுகிறார்கள் என்று நெடுநேரம் விளக்க வேண்டியிருக்கும். டோல்கீனைப் படித்தவர்களிடம் ‘மோரியாவின் வாசலில் நிற்கிறீர்கள்’ என்று சொன்னாலே போதும், மேசையில் பேச்சு அடங்கிவிடும். இதை மட்டும் பலமாக எண்ணுகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். தகவலைவிட மேலாகத் தொன்மம் தருவது செயலுக்கான கனத்தை. யாரோ படைத்த உலகில் விருந்தாளியைக் கொன்றால் அது இன்னொரு கொலை. ஆர்தரின் உலகில் அதே செயல் விருந்தோம்பல் என்ற அறத்தின் முறிவு. செய்தவனின் பெயர், குலம், ஆன்மா எல்லாம் அதனால் கறைபடும்.

முடிவு தெரிந்த கதை என்ற முரணிடம் தோற்றதற்கு உதாரணம் 1984-இல் டிஎஸ்ஆர் நிறுவனம் வெளியிடத் தொடங்கிய டிராகன்லான்ஸ் வரிசை. டிரேசி ஹிக்மனும் மார்கரெட் வைஸும் அதே கதையை நாவலாகவும் எழுதினார்கள். ஆட்டக்காரர்களுக்கு டானிஸ், ரைஸ்ட்லின் முதலிய பெயர்பெற்ற பாத்திரங்களே கொடுக்கப்பட்டன. கதை தன் வழியில் போயாக வேண்டும். பகடையோ யாரையும் எப்போதும் கொல்லலாம். ஆகவே ஒரு விதி வைத்தார்கள்: முக்கியமான பாத்திரம் செத்தால், உடல் கண்ணில் படாதபடி பார்த்துக்கொண்டு, பின்னால் உயிரோடு திரும்ப வழி வையுங்கள். சாவுக்கே பொருளில்லாத இடத்தில் துணிச்சலுக்கும் பொருளில்லை. குறித்த தடத்திலேயே கதையை ஓட்டிச் செல்வதை ஆட்டக்காரர்கள் ‘ரயில்ரோடிங்’ என்று குறைசொல்வார்கள்; அந்தப் பழக்கத்துக்கு இந்த வரிசை இன்றுவரை மேற்கோளாக நிற்பதில் அநியாயம் எதுவும் இல்லை. நாவல்கள் பெரும் வெற்றி பெற்றன. அந்தக் கதைக்கு உரிய வடிவம் நாவல்தான்.

டோல்கீனின் மிடில் எர்த்தைக் கையாண்டவர்கள் கதை நாயகர்களிடமிருந்து விலகி நிற்கும் வழியைத் தேர்ந்தார்கள். அதே 1984-இல் ஐயர்ன் கிரவுன் எண்டர்பிரைசஸ் வெளியிட்ட ‘மிடில் எர்த் ரோல் பிளேயிங்’, மூன்றாம் யுகத்தின் 1640-ஐ ஒட்டிய காலத்தை எடுத்துக்கொண்டது. மோதிரக் கதையின் நாயகன் ஃப்ரோடோ பிறப்பதற்குப் பதின்மூன்று நூற்றாண்டுகள் முந்தைய காலம் அது. கையை நீட்டி ஆட இடம் நிறைய. பீட் ஃபென்லன் வரைந்த வரைபடங்கள் இன்றும் பார்க்க அழகானவை. ஆனால் விதிகளை அந்த நிறுவனத்தின் பழைய ஆட்டமான ரோல்மாஸ்டரிலிருந்து சுருக்கி எடுத்தார்கள். எலும்பு முறிவுகளையும் குருதிப் பெருக்கையும் விவரிக்கும் அட்டவணைகள், யார் வேண்டுமானாலும் கற்கக்கூடிய மந்திரங்கள் என்று அது போயிற்று. டோல்கீனிடம் மந்திரம் அரிது. வந்தாலும் அடக்கமாக வரும். இடம் மிடில் எர்த்தாகவும் நடத்தை வேறெங்கோ உள்ளதாகவும் ஆகிப்போனது.

2011-இல் பிரான்செஸ்கோ நெபிடெல்லோ வடிவமைத்த ‘தி ஒன் ரிங்’ இந்தப் பிழையைத் திருத்தியது என்பேன். ஸ்மாக் என்னும் டிராகன் செத்து ஐந்தாண்டு கழித்து, அதே மூன்றாம் யுகத்தின் 2946-இல் அது தொடங்குகிறது. அதன் விதிகளில் சண்டைக்கு நிகரான இடம் நெடுவழிப் பயணத்துக்கு உண்டு. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நம்பிக்கை இவ்வளவு, நிழல் இவ்வளவு என்று கணக்கு. தவறான காரியம் செய்தால், அது நல்ல நோக்கத்துக்காகவே இருந்தாலும், நிழல் கூடும். குளிர்காலத்தில் ஊர் திரும்பி ஓய்ந்திருப்பதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. டோல்கீன் கதைகளின் அறவுணர்வை எண்களுக்குள் கொண்டுவந்த அரிய வேலை இது. முன்கூட்டித் தெரிந்த கதையும் இங்கே உதவுகிறது. 2989-இல் பாலின் என்ற குள்ளன் தன் கூட்டத்தோடு மோரியாவுக்குப் போவான், அங்கேயே மடிவான் என்பது வாசகர்களுக்குத் தெரியும். அந்தப் பாலினின் நண்பனாக ஒரு குள்ளனை ஆடுகிறவர் அவனை வழியனுப்ப நேர்ந்தால், பாத்திரம் சிரித்துக்கொண்டிருக்க ஆடுகிறவர் கலங்குவார். இருந்தும் ஒரு குறை தீரவில்லை. பெரிய காரியங்கள் அனைத்தும் வேறு யாரோ, வேறொரு காலத்தில் செய்யப்போகிறவை. இந்தக் குழு எவ்வளவு போராடினாலும் மோதிரத்தின் கதையைத் தொட முடியாது.

தொன்மத்தைச் சிறுமைப்படுத்திய வழி ஒன்றும் உண்டு. நம்மைத் தொடுவதால் அதைச் சொல்லியாக வேண்டும். 1980-இல் வெளிவந்த ‘டெய்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ என்ற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் துணைநூல் உலகத் தெய்வங்களுக்கெல்லாம் உயிர்ப்புள்ளிகளும் கவச எண்ணும் கொடுத்தது. அதன் இந்தியப் பகுதியில் இந்திரன், அக்னி, காளி, கார்த்திகேயன் எல்லோரும் உண்டு. உயிர்ப்புள்ளி எழுதிய மறுகணமே தெய்வம் கொல்லத்தக்க பகையாகிவிடுகிறது. தெய்வ வேட்டைக்குப் போன குழுக்களும் இருந்தன. இன்றும் கோடிக்கணக்கானவர்கள் கும்பிடும் தெய்வம் என்பது ஒரு பக்கம். ஆட்டமாகப் பார்த்தாலும் இது மோசமான வடிவமைப்பு. முருகனின் கதையில் உள்ள கோபமும் ஞானமும் காதலும் போய், மிச்சமிருப்பது ஒரு வேலும் சில எண்களும். தொன்மத்தை இரவல் வாங்கி, அதில் வாங்கத் தகுந்த ஒன்றையும் எடுத்துக்கொள்ளாத செயல் அது.

கிரெக் ஸ்டாஃபோர்ட் இதற்கு எதிர்த்திசையில் நடந்தவர். 1966-இல், கல்லூரி நாட்களில், அவர் எழுதத் தொடங்கிய குளோரந்தா என்ற உலகம் 1975-இல் பலகைப் போர் ஆட்டமாகவும், 1978-இல் ஸ்டீவ் பெரினும் தோழர்களும் உருவாக்கிய ரூன்குவெஸ்ட் விதிகளோடு பாத்திர ஆட்டமாகவும் வந்தது. அங்கே மனிதரின் வாழ்வு அவர் சேர்ந்துள்ள வழிபாட்டிலிருந்து பிரிக்க முடியாதது. புயல் தெய்வம் ஓர்லாந்த் சூரியப் பேரரசன் யெல்மைக் கொன்றான், உலகம் இருண்டது, பிறகு அவனே பாதாளம் சென்று தன் பிழைக்குப் பரிகாரம் செய்து ஒளியை மீட்டான். புயலை வழிபடுகிறவர்களுக்கு இது பொறுப்பேற்ற வீரனின் கதை. சூரியனை வழிபடுகிறவர்களுக்கோ கலகக்காரன் ஒருவனின் கொடுஞ்செயல். எது சரி என்று நூல்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. மனிதர்கள் சடங்கு வழியாகத் தெய்வங்களின் காலத்துக்குள் நுழைந்து அந்தக் கதையைத் தாமே நடந்து காட்டலாம். வழிமாறினால் ஊருக்கு வரமும் கிடைக்கலாம், சாபமும் வரலாம். எல்லாத் தொன்மங்களையும் வெறும் மூலப்பொருளாக எண்ணி மாற்றிக் கலந்த அறிஞர் கூட்டமொன்று பழைய யுகத்தில் இருந்து பேரழிவில் மடிந்தது என்பதும் அந்த உலகின் வரலாறு. தொன்மத்தைத் தொடலாமா, எவ்வளவு தொடலாம் என்ற கேள்வியையே ஆட்டப்பொருளாக்கிய இந்தத் துணிவை வேறெங்கும் நான் கண்டதில்லை.

குளோரந்தாவின் குறையும் இந்தச் செழுமையிலிருந்தே பிறக்கிறது. 2014-இல் வந்த அதன் வழிகாட்டி நூல் இரண்டு பெருந்தொகுதிகள். அதையெல்லாம் படித்த ஒருவர் மேசையில் இருந்தால் போதும், ஆட்டம் வகுப்பறையாகிவிடும். ‘அந்த ஊரில் அந்தத் தெய்வத்துக்குக் கோயில் இல்லை’ என்று அவர் திருத்துவார். புதிதாக வந்தவர் வாயை மூடிக்கொள்வார். நிலைபெற்ற எந்தத் தொன்ம உலகிலும் நான் மிக அஞ்சுவது இந்த அறிவின் அதிகாரத்தைத்தான். ஸ்டாஃபோர்ட் தானே எழுதியதைப் பலமுறை மாற்றி எழுதினார். அப்படி மாறிப்போன செய்தியை ரசிகர்கள் ‘கிரெக்ட்’ என்று அவர் பெயராலேயே அழைத்தார்கள். உங்கள் குளோரந்தா என்னுடையதிலிருந்து மாறுபடலாம் என்பது அந்தச் சமூகத்தின் பொதுவிதியாயிற்று. நல்ல விதி. ஆனால் நூற்றுக்கணக்கான பக்கங்களைக் கையில் கொடுத்துவிட்டு ‘மாற்றிக்கொள்ளுங்கள்’ என்றால், எதை மாற்றலாம் என்று தெரிந்துகொள்ளவே அத்தனையும் படிக்க வேண்டியிருக்கிறது.

அதே ஸ்டாஃபோர்ட் 1985-இல் கேயாஸியம் நிறுவனத்துக்காக உருவாக்கிய பென்ட்ராகன்தான் இந்தச் சிக்கலுக்கு இதுவரை கிடைத்த மிகச் சிறந்த விடை என்பது என் முடிவு. உலகத்தின் விதியை அவர் பூட்டிவிட்டு மனிதனின் உள்ளத்தைத் திறந்துவிட்டார். ஒவ்வொரு வீரனுக்கும் பதின்மூன்று இணைக் குணங்கள் உண்டு: இரக்கமும் கொடுமையும், வாய்மையும் வஞ்சமும், அடக்கமும் செருக்கும் என்று. ஒவ்வோர் இணையின் கூட்டுத்தொகையும் 20. ஒரு குணம் 16-ஐ எட்டிவிட்டால் சோதனை வரும் நேரத்தில் பகடை உருட்டும்படி கேம் மாஸ்டர் கேட்கலாம். ‘சரணடைந்தவனை விட்டுவிடுகிறேன்’ என்று ஆட்டக்காரர் சொல்ல விரும்புவார்; வீரனின் உள்ளே வளர்ந்துவிட்ட கொடுமை வென்றுவிடும்.

ஆட்டக்காரரின் உரிமையைப் பகடை பறிக்கிறது என்று இதை எதிர்ப்பவர்கள் உண்டு. அந்த எதிர்ப்பு அற்பமானதன்று. தன் பாத்திரம் தனக்கு அடங்காத வேதனை எல்லோருக்கும் பிடிக்காது. ஆனால் லான்ஸ்லாட்டின் கதையே அதுதானே? தவறென்று தெரிந்தும் அவனால் விலக முடியவில்லை. அந்தக் குணங்கள் வீரன் முன்பு செய்த செயல்களால் வளர்ந்தவை என்பதையும் மறக்கக்கூடாது. பதினெட்டாம் போர்க் கூத்தில் துரியோதனன் விழுவான் என்று தெரிந்தே ஊர் விடிய விடிய உட்கார்ந்திருப்பதில்லையா? அதுபோல இங்கும் முடிவு அறிந்ததே; இந்த வீரன் எந்த மனத்தோடு அதைச் சந்திப்பான் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

2006-இல் வந்த ‘தி கிரேட் பென்ட்ராகன் கேம்பெய்ன்’ கி.பி. 485-இல் ஆர்தரின் தந்தை ஊத்தர் காலத்தில் தொடங்கி 565-இல் காம்லான் வரை செல்கிறது. பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு சாகசம். பிறகு குளிர்காலக் கணக்கு: விளைச்சல் எப்படி, குதிரை பிழைத்ததா, குழந்தை பிறந்ததா, முப்பத்தைந்தைத் தாண்டியவனுக்கு உடல் தளர்ந்ததா. தந்தை சாவார், அவருடைய புகழில் பத்தில் ஒரு பங்கோடு மகன் மேசைக்கு வருவான். மூன்று தலைமுறை இப்படிப் போகும். இதில் மிகச் சிறந்த பகுதி தொன்மம் ஏறக்குறைய ஒன்றுமே சொல்லாத பகுதிதான். 495-இல் புனித ஆல்பன்ஸ் விருந்தில் நஞ்சூட்டப்பட்டு ஊத்தரும் பிரபுக்களும் மடிகிறார்கள். 510-இல் ஆர்தர் வாளை உருவும் வரை நாட்டுக்கு அரசன் இல்லை. சாக்ஸன்களுக்குத் திறை கட்டுவதா, அண்டை அரசனோடு சேர்வதா, விருந்தில் மடிந்த தங்கள் பிரபுவின் கைம்பெண்ணான சீமாட்டி எலனுக்கு என்ன ஆலோசனை சொல்வது? எல்லாம் ஆட்டக்காரர்கள் கையில். ஆர்தர் வந்தபின் 518-இல் பேடன் போர் போன்ற பெரும் நிகழ்ச்சிகளில் அவர்கள் மீண்டும் ஓரளவு பார்வையாளர்களே. இந்தத் தொய்வை நூல் முழுதாகச் சரிசெய்யவில்லை.

இன்னும் இரண்டு குறைகள் கனமானவை. பழைய பதிப்புகளில் வீரன் என்றால் ஆண் என்பதே வழக்கம். பெண் வாழ்க்கை பெரும்பாலும் குளிர்காலக் கணக்கில் ஒரு வரியாக ஒடுங்கியது. 2024-இல் வந்த ஆறாம் பதிப்பு பெண் வீரர்களுக்கு வாசலைத் திறந்துவிட்டிருக்கிறது. சாக்ஸன்கள் மீதான வெறுப்பு தொடக்கத்திலேயே வீரனின் தாளில் எண்ணாக எழுதப்படுவது மற்றொன்று. அதைக் கேள்வியின்றி நடத்தும் கேம் மாஸ்டர் ஓர் இனத்தையே வெட்டுப்பொருளாக்குகிறார். அந்த வெறுப்பு ஒரு வீரனை என்னவாக்குகிறது என்று காட்டுகிறவரோ அதே விதியைக் கொண்டு நல்ல கதை செய்கிறார்.

தமிழில் மகாபாரதத்தைக் களமாக வைத்து இப்படி ஒரு தொடர் நடத்த நினைப்பவர்களுக்கு: கண்ணனுக்கும் பீமனுக்கும் எண்கள் எழுதுவதில் தொடங்காதீர்கள். பாண்டவர் ஊரில் இல்லாத அந்தப் பதின்மூன்று ஆண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அஸ்தினாபுரத்தில் யார் பக்கமும் முழுதாகச் சாயாத சில சிறு படைத்தலைவர்களை ஆட்டக்காரர்களிடம் கொடுங்கள். யாருடைய உப்பைத் தின்றார்கள், யார்மேல் அன்பு, எதற்கு அஞ்சுகிறார்கள் என்பதை முதலில் அவர்கள் தாளில் எழுதச் சொல்லுங்கள். குருட்சேத்திரம் அதன் நேரத்தில் வரட்டும்.