பிறநாட்டுப் பாட்டும் பிள்ளை நாவும்

பன்னாட்டுப் பாடல்களைப் பாலர்க்குக் கற்பித்தல் நன்று. ஆயின் அவற்றைத் தமிழாக்குவோர் பலர் பொருளைப் பெயர்த்து, இசையளவை மறந்துவிடுகின்றனர். தமிழிற் குறிலும் நெடிலும் பொருளை வேறுபடுத்துவன. நீளும் சுரத்திலே 'குடை' என்னுஞ் சொல் நின்றால் பிள்ளை வாயில் அது 'கூடை' ஆகும், மழைப்பாட்டே நகைப்பாட்டாகும். கற்குந் தமிழும் பிழைபடும்.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டு நம் நாட்டிலேயே உண்டு. சாந்திநிகேதனத்திற் பயின்ற ஆனந்த சமரக்கோன் 1940இற் சிங்களத்தில் இயற்றிய பாடல் பின்னர் நாட்டுப்பண்ணாயிற்று. அதனைத் தமிழாக்கியவர் பண்டிதர் மு. நல்லதம்பி. மூலத்து 'மாதா' ஈரெழுத்தும் நெடில். அவர் இட்ட 'தாயே'யும் அவ்வாறே. பொருள் ஒன்றாயினும் 'அன்னை' அங்கு நில்லாது. கண்டி நகரிலே சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் தத்தம் மொழியில் ஒரே மெட்டை இடறாது பாடுதல் இத்தகைய சொற்றேர்வின் பயனாம்.

இவ்வளவையை அறிய ஏட்டறிவு மட்டும் போதாது. கண்டியைச் சூழ்ந்த ஹந்தானை, தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டங்களில் வழங்கும் தாலாட்டைக் கேட்க வேண்டும். 'ஆராரோ' என்பதில் ஒவ்வோரெழுத்தும் நெடில். நீளும் இசைக்கு நீளும் எழுத்து. சி. வி. வேலுப்பிள்ளை அரிதின் திரட்டிய மலைநாட்டுப் பாடல்களையும் பாலர் வகுப்பிற் சேர்த்தல் கடனாகும். தாய்ப்பாட்டிற் பழகிய செவியே பிறநாட்டுப் பாட்டையும் பிழையின்றி ஏற்கும்.