சுமை பெற்றதும் சுமந்தவன் தந்ததும்

தலையில் மூட்டையுடன் சமதரையில் சீராக நடந்து செல்பவன் அம்மூட்டையின் மீது 'வேலை' எதுவும் செய்யவில்லை! இயற்பியல் நூல்களில் நம் மாணவர் காணும் பழகிய எடுத்துக்காட்டு இது. கணக்குப்படி சரியே, மறுக்க நாம் முன்வரவில்லை. சரியானதொன்றைப் பாதி சொல்லி நிறுத்தினால் என்ன விளையும் என்பதே நம் கேள்வி. மாணவன் மந்திரம்போல் ஒப்புவிக்கிறான். சுமைகூலியின் மகனோ தலை கவிழ்கிறான். அப்பா செய்வது வேலையே அல்லவா?

கன்னிவாடியில் நின்று பழனி மலைத்தொடரை நிமிர்ந்து பாருங்கள், தோழர்களே! மேலே பன்றிமலை, ஆடலூர். காப்பி விளையும் ஊர்கள். 30 கிலோ மூட்டையொன்றை ஒருவன் 1,000 மீட்டர் உயரம் சுமந்து ஏறுவதாகக் கொள்வோம். மூட்டையின்மீது அவன் செய்த வேலை 2,94,000 ஜூல். தன் உடலையும் அவனே ஏற்ற வேண்டுமன்றோ? உடல் எடை 60 கிலோ எனில் இன்னும் 5,88,000. ஆக 8,82,000 ஜூல், ஏறத்தாழ 210 கிலோகலோரி. தசையோ, உணவு தரும் ஆற்றலில் கால் பங்கையே இவ்வாறு வேலையாக மாற்ற வல்லது. ஏறத்தாழ கால் கிலோ அரிசி இவ்வேற்றத்திற்கு மட்டும் வேண்டும்.

இனி அதே மூட்டையுடன் அவன் இறங்கட்டும். அவன் தரும் விசை மேல்நோக்கி, இடப்பெயர்ச்சி கீழ்நோக்கி. எனவே மூட்டையின்மீது அவன் செய்த வேலை எதிர்க்குறி பெறுகிறது. ஏறியதும் இறங்கியதும் சேர்ந்தால் பூச்சியம்! கூலி கொடுக்க மனமில்லாத முதலாளி இயற்பியல் படித்திருந்தால் எவ்வளவு மகிழ்வான்! முழங்கால் நடுங்க இறங்கியவனுக்குத் தெரியும், பூச்சியமாவது எது என்று.

குற்றம் அறிவியலினுடையதன்று. 1829இல் பிரெஞ்சு அறிஞர் கொரியோலி இச்சொல்லுக்கு இன்றைய பொருளைத் தந்தது இயந்திரங்களின் பயனை அளப்பதற்காக. சுமை என்ன பெற்றது என்பதே அக்கணக்கு; சுமந்தவன் என்ன இழந்தான் என்பதன்று. இழந்ததற்கும் கணக்குண்டு. 1840களில் சால்ஃபோர்டு நகரத்து மதுவடிப்பாளர் ஜூல், விழும் எடையால் நீரில் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றி, நீர் சூடாவதை அளந்து காட்டினார். வேலையும் வெப்பமும் ஒரே பேரேட்டின் இரு பக்கங்கள் என்றாயிற்று. அசையாது நின்று சுமப்பவனின் தசைநார்களும் ஓயாது இழுத்துத் தளர்கின்றன, அவன் உண்ட சோறு வெப்பமாகிறது, வியர்வை வழிகிறது. நம் நூலோ முதற்பக்கத்துப் பூச்சியத்தைக் காட்டிவிட்டு மறுபக்கத்தை மூடிவிடுகிறது.

சொற்களைப் பற்றியும் ஒன்று சொல்வோம். ஈழத்தில் 'சக்தி' என வழங்குவதை நம் பாடநூல்கள் 'ஆற்றல்' என்கின்றன. நல்ல மாற்றம், சக்தி என்றதும் கோயிலுக்கு ஓடும் மனம் நம் நாட்டில் உண்டல்லவா? ஆனால் 'வேலை' அப்படியே நிற்கிறது. வேலை கிடைத்ததா என்று கேட்கும் வீட்டில் அச்சொல்லுக்குப் பொருள் பிழைப்பு. வகுப்பறையில் அதற்கு வேறு பொருள் என்பதை ஆசிரியர் முதல் நாளே உரைத்தல் வேண்டும். தேர்வுத்தாளிலும் 'வேலை எவ்வளவு?' என்ற வினாவுக்கு அடுத்து இன்னொரு வினா இடம்பெறட்டும்: அவன் உண்ட கால் கிலோ அரிசியின் ஆற்றல் எங்கெங்கே சென்றது?