எளிய இசையும் எளிமையாக்கலும்

கீபோர்டு பயிலத் தொடங்கும் சிறார்க்கு முதற்பாடமாக வழங்கப்பெறும் மேனாட்டுச் செவ்வியல் மெட்டுகளுள் பீத்தோவனின் மகிழ்ச்சிப் பண்ணுக்குத் தனியிடம் உண்டு. ஷில்லர் 1785இல் இயற்றிய கவிதைக்கு, தமது ஒன்பதாம் சிம்பொனியின் இறுதிப் பகுதியில் பீத்தோவன் அளித்த இசை இது. 1824 மே 7 அன்று வியன்னாவில் அது அரங்கேறிய போது, அவர் செவிப்புலனை ஏறக்குறைய முற்றிலும் இழந்திருந்தார். பின்னாளில் அம்மெட்டு ஆங்கிலத் திருப்பாடல்களுக்கும் உரியதாயிற்று.

தொடக்கநிலையினர்க்கு இது பொருந்தும் காரணம் வெளிப்படை. வலக்கைப் பெருவிரலை ‘டோ’வில் வைத்தால், ‘சோல்’ வரையுள்ள ஐந்து வெள்ளைக் கட்டைகளிலேயே முதலிரண்டு அடிகளும் அடங்கிவிடும். ‘மி’யில் தொடங்கும் மெட்டு, படிப்படியாக ஏறி இறங்குகிறது, தாவல் என்பதே இல்லை. இரண்டாம் அடி முதலடியையே மீண்டும் கூறி, ‘டோ’வில் அமைதி கொள்கிறது.

மூன்றாம் அடியில்தான் சோதனை. அதன் முடிவில் கை இடம் பெயர்ந்து கீழ்ச் ‘சோல்’ கட்டையைத் தொட வேண்டும். உடனே, நான்காம் எண்ணிக்கையிலேயே, அடுத்த அடிக்குரிய ‘மி’ ஒலித்து, தாளக் கோட்டைக் கடந்து நீள்கிறது. தொடக்கநூல்கள் பல இதைத் திருத்தி விடுகின்றன. கீழ்ச் ‘சோல்’ இரண்டு எண்ணிக்கைக்கு நீட்டப்படுகிறது. ‘மி’ தன் முறைக்காகக் காத்து நிற்கிறது. இதன் விளைவாக நான்கு அடிகளும் ஒரே அச்சில் வார்த்தவை போல் ஆகின்றன. விருந்தினர் படியேறுமுன் ஓடிச்சென்று கைப்பற்றும் குழந்தையைப் போன்றது அந்த ‘மி’. மகிழ்ச்சியைப் பாட வந்த மெட்டில், மகிழ்ச்சி பொறுமையிழக்கும் இடம் அது ஒன்றே.

முதல் வாரத்தில் எளிமையாக்குவதை நாம் குறை கூறவில்லை. ஆயினும் ஊன்றுகோலைக் காலென்று கற்பித்தல் தகாது. குறைத்ததைக் குறைத்ததாகச் சொல்லாத நூலை நம்பும் சிறுவன், பீத்தோவன் எழுதியதே அது என்று எண்ணி வளர்கிறான். மூல அமைப்பும் எட்டாக் கனியன்று. கைதட்டி நான்கு வரை எண்ணச் செய்து, ‘நான்கு’ என்னும்போது ‘மி’யைப் பாடி, ‘ஒன்று’ கடக்கும்வரை நீட்டி, ‘இரண்டி’ல் மீண்டும் பாடச் சொன்னால் போதும். வாய் கற்றதை விரல் பின்தொடரும்.

மற்றொன்றும் நம் சிந்தனைக்குரியது. பீத்தோவன் இம்மெட்டை முதன்முதல் செல்லோக்களிடமும் டபுள் பேஸ்களிடமும் மட்டுமே ஒப்படைக்கிறார். துணையேதுமின்றி, மெல்லிய ஒலியில். அடுத்து வயோலாக்களும் செல்லோக்களும் ஏற்க, பசூன் வேறோர் இழை பின்னுகிறது. பின்னர் வயலின்கள், அதன் பின்னரே முழு இசைக்குழு. மனிதக் குரல் அதற்கும் பிந்தியே வருகிறது. கற்பிக்கும் முறையும் இதற்குள்ளேயே பொதிந்துள்ளது: முதலில் வலக்கை தனித்து, பின்னர் இடக்கையில் ஒற்றைச் சுரம், நிறைவாகவே கார்டுகள். நாமோ முதல்நாளே ரிதம் பொத்தானை அழுத்தி விடுகிறோம். இயந்திர மேளத்தின் ஆரவாரத்தில் தயங்கிய விரலின் தயக்கம் கேட்பதில்லை. கேளாத பிழையைத் திருத்துவார் யார்?

சிறியோர்க்கென்று ஒன்றைச் சுருக்குவது அன்பின் செயலே. எதைச் சுருக்கினோம் என்பதை நினைவில் வைத்து, உரிய நாளில் அதைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் அவ்வன்பு நிறைவு பெறுகிறது.