தொகுப்பு முழுமையானால் போதுமா?

ஜெர்மனியில் நாஜிகள் நடத்திய குளிர்கால நிவாரண இயக்கத்தின் காகிதங்களைச் சேகரிப்போர் வழக்கமாக ஒரு சமாதானம் சொல்கிறார்கள்: இவை போர்ச் சின்னங்கள் அல்ல, ஏழைகளுக்காக நிதி திரட்டிய சீட்டுகள், இவற்றில் அரசியல் இல்லை. குப்பைக்குப் போயிருக்க வேண்டிய துண்டுக் காகிதங்கள் இன்று கைக்குக் கிடைப்பதும், எந்தச் சீட்டு எந்தக் குளிர்காலத்துக்கு உரியது என்று அறிய முடிவதும் பெரும்பாலும் இவர்கள் உழைப்பால்தான். அந்த நன்றி உண்டு. சமாதானம் மட்டும் செல்லாது. 1934 நவம்பரில் வந்த சட்டம் அனுமதியற்ற பிற நிதி திரட்டல்களை முடக்கியது. சம்பளத்திலேயே 'நன்கொடை' பிடிக்கப்பட்டது. கொடுத்த வீட்டின் கதவில் மாதந்தோறும் ஒரு சீட்டு ஏறியது. சீட்டில்லாத கதவு எது என்பது தெருவில் போகிற யாருக்கும் தெரிந்தது. 1935 குளிர்காலத்தில் யூதர்கள் இந்த நிவாரணத்திலிருந்து விலக்கப்பட்டு, தங்களுக்கெனத் தனி உதவி அமைப்பை நடத்த வேண்டியதாயிற்று. கொடுத்தவரையும் கொடுக்காதவரையும் பிரித்துக் காட்டிய காகிதத்தில் அரசியல் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

இதைவிடப் பெரிய குறை சேகரிக்கும் முறையிலேயே இருக்கிறது. ஹிட்லரின் புகைப்படக்காரர் ஹாஃப்மன் எடுத்த ஹிட்லர் படங்களோடு, சட்டைப் பொத்தானில் தொங்கவிட நூல் கோத்து, தீப்பெட்டி அளவில் வந்த சிறு புத்தகங்களைப் பாருங்கள். ஒன்று வாங்கியவர் அடுத்ததையும் தேட வேண்டும், அதற்காக மறுபடி உண்டியலில் காசு போட வேண்டும் என்பதற்காகவே அவை வரிசை வரிசையாக வெளியிடப்பட்டன. அதே வரிசையை இன்று ஆல்பத்தில் நிரப்புகிறவர், பிரசாரகர்கள் போட்ட திட்டத்தை அவர்கள் விரும்பியபடியே முடித்துக் கொடுக்கிறார். சந்தையும் அதற்கே விலை வைக்கிறது. மடிப்பில்லாத, கறைபடாத பிரதிக்கு மதிப்பு அதிகம். கதவில் ஒட்டிக் கிழிந்த சீட்டுக்குக் குறைவு. ஆனால் மடிப்பில்லாத பிரதி, அது அச்சானது என்பதை மட்டுமே சொல்லும். யார் வீட்டில், யார் பார்வையில் பட்டது என்பதற்குச் சாட்சி கிழிந்த சீட்டுதான்.

வரிசை இல்லாவிட்டால் காலம் கணிக்க முடியாதே என்பார்கள். காலத்தைக் கணிக்க ஒரு பிரதி போதும். புதுக் கருக்கு மாறாத முழுத் தொகுப்பு எதற்கு? எந்த வரிசையிலும் சேராத காகிதங்களும் உண்டு. கெல்ம்னோ கொலை முகாமில் கொல்லப்பட்ட யூதர்களின் உடைகள் இதே நிவாரணத்துக்கு அனுப்பப்பட்டன. அவற்றில் ரத்தக்கறை இருப்பதாகவும், யூத நட்சத்திரங்கள் அகற்றப்படவில்லை என்றும் 1943 ஜனவரியில் நிவாரண இயக்கத்தின் போஸன் அலுவலகம் லோட்ஸ் நகரில் யூதர்களை அடைத்து வைத்த பகுதியின் (கெட்டோ) நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதி முறையிட்டது. சேகரிப்பாளர்களின் பட்டியல்களில் இத்தகைய கடிதத்துக்கு எண் கிடையாது. தங்கள் வேலை வரலாற்றுக்கு உதவுகிறது என்று அவர்கள் மனதாரச் சொல்வதானால், ஒரு குடும்பத்தின் காகிதக் கட்டைப் பிரித்துச் சீட்டை மட்டும் உருவி விற்பதை முதலில் நிறுத்த வேண்டும். சம்பளச் சீட்டு, வசூல் பட்டியல், கடிதம் எல்லாவற்றையும் கட்டோடு ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும்.